ஷீல்டுல ஜெயிச்சவங்க பேர் வரணுமா? ராம்நாடு அரண்மனைப் பக்கத்து டிராபி கடை பத்தி என் ரிவ்யூ

ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு ஊர் பாக்கி இல்லாம டோர்னமெண்ட் நடக்கும், கபடி, வாலிபால், கிரிக்கெட், கோயில் திருவிழா சர்ச் திருவிழான்னா பாய்மரப் படகுப் போட்டி, கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா மாட்டுவண்டிப் பந்தயம். இத்தனைக்கும் கப்பு ஷீல்டு மெடல் எங்க வாங்குறீங்கன்னு கேட்டு எனக்கு போன் வந்துக்கிட்டே இருக்கு, எங்க ஊர் கமிட்டில பரிசு வாங்குற பொறுப்பு ரொம்ப வருஷமா என்கிட்டதான், அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடுறேன். ராம்நாட்ல அரண்மனைப் பக்கம் ஒரு சின்ன மாடிக் கடை, கீழ பாத்திரக் கடை, பக்கத்துல குறுகலா ஒரு படி ஏறும், அதுல ஏறினா டிராபி கடை. என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை மார்க் எங்க போச்சுன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல சாமான் தரம். நம்ம ஊர் உப்புக்காத்துக்கு எந்தக் கப்பும் தாங்காதுன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, போன வருஷம் பளபளன்னு குடுத்தது இந்த வருஷம் புள்ளி புள்ளியா கருத்துப் போய் அலமாரில நிக்கும். அது ஏன்னு இந்தக் கடைக்கார அண்ணன் ஒரு கப்பைக் கவுத்துப் போட்டு காட்டினார். கப்போட நடுவுல மேல இருந்து அடி வரைக்கும் ஒரு மரை போட்ட கம்பி ஓடுது, மேல பொம்மை, நடுவுல கிண்ணம், அதுக்குக் கீழ தூண், அதுக்கும் கீழ அடிக்கட்டை, எல்லாம் தனித்தனித் துண்டு, எல்லாத்தையும் கோத்து அடில ஒரு நட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. அந்தக் கம்பியும் நட்டும் சாதா இரும்பு. மேல இருக்குற பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, அதுல ஏத்தின முலாம்தான் உரியும், ஆனா கம்பில துரு ஏறி ஒழுகி மார்பிள் அடிக்கட்டைல பழுப்புக் கறையா இறங்கும், கொஞ்ச நாள்ல கப்பு ஆட ஆரம்பிச்சிடும். வெளியூர்ல ஒரு கடைல நாங்க வாங்கின செட்டு மொத்தமும் ஒரு மழைக்காலம் தாண்டல, அதுக்குக் காரணம் இதுதான்.

இங்க கேட்டா எவர்சில்வர் கம்பி போட்டுத் தர்றாங்க, கூட ஆகுற காசு ரொம்பக் கம்மி. கேக்காம விட்டா இரும்புதான் வரும், அதனால கட்டாயம் கேளுங்க. கடலுக்குப் பக்கத்துல வைக்கப் போறீங்கன்னா மரப்பலகைல பித்தளைத் தகடு வச்ச ஷீல்டோ கனமான அக்ரிலிக்கோ எடுக்கச் சொல்லி அவரே சொல்லிடுவார், விலை கூடின மெட்டல் கப்பை நம்ம தலைல கட்டப் பாக்க மாட்டார். பித்தளைத் தகட்டுக்கு மேல நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், அது இருக்குற வரைக்கும் வீட்ல குத்துவிளக்கு தேய்க்குற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, துணியால துடைச்சா போதும்.

அடுத்தது தமிழ் எழுத்து. நான் இந்தக் கடைய விடாம பிடிச்சுக்கிட்டதுக்கு இது பெரிய காரணம். பல இடத்துல நாம வாட்ஸ்அப்ல அனுப்புற மேட்டரை அப்படியே எடுத்து டிசைன்ல ஒட்டுவாங்க, ஃபாண்ட் மாறும்போது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போயிடும், புள்ளி காணாமப் போகும், அதைக் கவனிக்காம லேசர்லயும் அடிச்சுடுவாங்க. இங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அண்ணனோட மனைவி, எல்லாத்தையும் மறுபடி டைப் பண்ணி வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டு புரூஃப் காட்டுவாங்க. ஒரு தடவ ஊர்ப் பேர்லயே ணகரமா னகரமான்னு சந்தேகம் வந்து, 'தம்பி, உங்க ஊர்ப் போர்டுல எப்படி எழுதியிருக்கு, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க'ன்னு கேட்டுட்டுத்தான் அடிச்சாங்க. அந்த அக்கறைக்கு நான் என்ன விலை வேணாலும் குடுப்பேன்.

புரூஃப் வர வரைக்கும் உக்கார ஒரு பெஞ்ச் இருக்கு, அதுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு பெரிய சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும், கையெழுத்து அவ்வளவு அழகு. அண்ணனோட அப்பா இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், நாம தினம் சொல்ற அவார்டு, டிராபி, பிரைஸ், மெடல், மொமெண்டோ இதுக்கெல்லாம் என்ன அர்த்தம், எங்க இருந்து வந்துச்சுன்னு அதுல எழுதி வச்சிருக்கார். சாயங்காலம் போனா சாரே இருப்பார், கேட்டா சலிக்காம சொல்லுவார். சர்வீஸ் ரிவ்யூல இதெல்லாம் எதுக்குன்னு நினைக்காதீங்க, இந்தக் கடை மத்த கடைங்க மாதிரி இல்லாம இருக்குறதுக்கு அந்த சார்ட்டுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அவார்டுன்னா நமக்கு மேடைல குடுக்குற சாமான். ஆனா அந்தச் சொல்லு பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்ப அதுக்கு அர்த்தம் தீர்ப்பு. நல்லா கவனிச்சுப் பாக்குறது, பாத்து யோசிச்சு முடிவு சொல்றது, அதான் வேர், காவல் காக்குற கார்டு, வார்டு, அப்புறம் ரிவார்டு எல்லாமே அதுக்குச் சொந்தக்காரங்க. ரெண்டு பேர் வழக்குல நடுவுல ஒருத்தர் உக்காந்து கேட்டு முடிவு சொன்னா அந்த முடிவுதான் அவார்டு. நம்ம பக்கம் ரோட்டுக்கு நிலம் எடுத்தவங்களக் கேட்டுப் பாருங்க, 'அவார்டு காப்பி வந்துருச்சா'ன்னுதான் பேசிக்குவாங்க, 1894 நிலம் எடுப்புச் சட்டத்துலயும் சரி 2013ல வந்த புதுச் சட்டத்துலயும் சரி, எவ்வளவு இழப்பீடுன்னு அதிகாரி விசாரிச்சு எழுதுற உத்தரவுக்குப் பேர் அவார்டுதான். லேபர் கோர்ட் தீர்ப்புக்கும் அதே பேர்தான். சாமானுக்கு அந்தப் பேர் வந்தது அதுக்கப்புறம்.

சார் இதை வச்சு ஒரு கேள்வி கேட்டார், எனக்கு அது அப்படியே மனசுல நின்னுடுச்சு. 'தம்பி, மேட்ச் நடக்குறதுக்கு முன்னாடியே ஷீல்டுல எல்லாம் அடிச்சு முடிச்சு வாங்கிட்டுப் போறீங்களே, அப்போ தீர்ப்பு எங்க இருக்கு அதுல?'

உண்மைதானே. நம்ம ஊர் ஷீல்டுகளை எடுத்துப் பாருங்க, மேல டோர்னமெண்ட் பேர், நடுவுல பெரிய எழுத்துல அன்பளிப்புக் குடுத்தவர் பேர், சில சமயம் அவர் போட்டோவும், கீழ 'முதல் பரிசு'. ஜெயிச்சவங்க பேர் எங்கயுமே இருக்காது. எங்க ஊர் படிப்பகத்துல எங்க அப்பா காலத்து ஷீல்டு வரிசையா இருக்கு, யார் பணம் குடுத்தாங்கன்னு ஒவ்வொன்னுலயும் இருக்கு, யார் ஆடினாங்கன்னு ஒன்னுலகூட இல்ல, அந்த டீம்ல ஆடினவங்க பாதிப்பேர் இப்ப இல்ல, கேட்டுத் தெரிஞ்சுக்கவும் வழி இல்ல. எனக்கு அதப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

இந்தக் கடைல அதுக்கு வச்சிருக்குற வழி ரொம்பச் சுலபம். ஷீல்டுக்கு கீழ ஒரு வெத்துத் தகடு, ஸ்க்ரூ போட்டுக் கழட்டுற மாதிரி வச்சுத் தர்றாங்க. மத்ததெல்லாம் முன்னாடியே அடிச்சிருக்கும், அந்தத் தகடு மட்டும் காலியா இருக்கும், மேட்ச் முடிஞ்சு யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்ச பிறகு பேர் அனுப்பினா அடிச்சுத் தர்றாங்க, அதுக்குத் தனியா காசு வாங்குறதில்ல. ஃபைனல் முடியுறதுக்கும் பரிசளிப்பு ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல நேரம் இருந்தா, தேவிபட்டினம் மாதிரி பக்கத்து ஊர்க்காரங்க பைக்ல ஆள் அனுப்பி அன்னைக்கு ராத்திரியே வாங்கி மாட்டிடுறாங்க, தொண்டி பக்கம் மாதிரி தூரம்னா மறுநாள்தான். அன்பளிப்பாளர் பேரை எடுக்கச் சொல்ல மாட்டார், அதுவும் இருக்கட்டும், அவங்க இல்லாம டோர்னமெண்ட் இல்ல, ஆனா எழுத்து சைஸ் ஜெயிச்சவங்க பேரை விட பெருசா இருக்கக் கூடாதுன்னு சொல்லிப் பாப்பார், நாம வேணாம்னா அதுக்கு மேல வற்புறுத்த மாட்டார்.

படகுப் போட்டிக்கு நாங்க முதல் தடவையா இப்படிச் செஞ்சப்ப, படகு ஓனர் பேர் மட்டும் போதும்னு கமிட்டில சொன்னாங்க, அண்ணன்தான் 'படகுல யார் யார் இருந்தாங்க'ன்னு கேட்டு வாங்கினார். பாய் பிடிச்சவர், பலகைல வெளிய சாஞ்சு நின்னு படகு கவுறாம பாத்துக்கிட்டவர், தண்ணி இறைச்ச பையன் வரைக்கும் எல்லார் பேரும் சின்ன எழுத்துல வரிசையா வந்துச்சு. அந்தப் பையனோட அம்மா மேடைக்குப் பக்கத்துல வந்து விரலை வச்சு அவன் பேரைத் தடவிப் பாத்தாங்க.

டிராபிங்கிற சொல்லும் சண்டைல பொறந்ததுதான். கிரேக்கத்துல திரும்புறதுக்கு ட்ரோப்பேன்னு பேர், எதிரிப் படை எந்த இடத்துல முதுகு காட்டித் திரும்பி ஓட ஆரம்பிச்சுதோ அங்க ஒரு மரக்கட்டைய நட்டு, அவங்ககிட்ட பறிச்ச கவசம், கேடயம், தலைக்கவசம் எல்லாத்தையும் அதுல மாட்டி வைப்பாங்க, அதுக்குப் பேர் ட்ரோபையான், அது லத்தீன், பிரெஞ்சுன்னு சுத்தி 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்து டிராபி ஆச்சு. கடல் சண்டைன்னா பக்கத்துக் கரைல நடுவாங்க, பிடிச்ச கப்பல் ஒன்னையே கரையேத்தி கடல் சாமிக்குக் காணிக்கை வச்சதும் உண்டு. அதை மரத்துல மட்டும்தான் செய்யணும், கல்லுல செஞ்சா பகையும் அப்படியே நின்னுடும்னு பழைய ஆளுங்க காரணம் சொல்லியிருக்காங்க. மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்துல போய்த் திரும்புற எல்கைலதான் ஜெயிப்பு தோல்வி பாதி முடிவாகும், படகுப் போட்டிலயும் மிதவையச் சுத்தித் திரும்புற இடம்தான் எல்லாம், அதனால இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

பிரைஸுக்கு ரெண்டு வேர் இருக்கு. பரிசுங்குற பிரைஸ் லத்தீன்ல விலைன்னு அர்த்தம் வர்ற ப்ரெத்தியும்ல இருந்து வந்தது, கடைல கேக்குற பிரைஸும் அதே குடும்பம். இன்னொரு பிரைஸ் இருக்கு, எடுக்குறது, பிடிக்கிறதுங்குற வேர்ல வந்தது, சண்டைக் காலத்துல கடல்ல பிடிச்ச எதிரிக் கப்பலுக்கு அந்தப் பேர். நம்ம ஆளுங்க இன்னைக்கும் கெட்டிக்காரனப் பாத்து எம்டன்னு சொல்றோமே, அந்த எம்டன், முதல் உலகப் போர்ல வந்த ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22ல சென்னைல குண்டு போட்டுட்டு, அடுத்த சில நாள்ல பியூரெஸ்க்னு ஒரு நிலக்கரிக் கப்பலப் பிடிச்சு, சொந்த ஆளுங்கள அதுல ஏத்தி, தனக்குக் கரி சுமக்க வச்சிக்கிட்டுது, அது எம்டனுக்குக் கிடைச்ச பிரைஸ். கேக்கும்போது ரெண்டும் ஒரே சொல்லாத்தான் தெரியும்.

மெடல் இத்தாலி வழியா வந்தது, உலோகம்னு அர்த்தம்னு ஒரு கட்சி, பழைய அரைக்காசுன்னு ஒரு கட்சி, சார்ட்ல ரெண்டும் போட்டிருக்கு. சின்னப் பசங்க 'இது நிஜத் தங்கமா'ன்னு கண்டிப்பா கேப்பாங்க, அவங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயம், ஒலிம்பிக்ல முழுத் தங்கத்துல மெடல் குடுத்தது கடைசியா 1912ல, இப்ப குடுக்குறது பெரும்பாலும் வெள்ளிதான், மேல 6 கிராம் தங்கம். 1896ல ஏதென்ஸ்ல முதலாவதா வந்தவங்களுக்கே வெள்ளி மெடலும் ஒரு ஆலிவ் கிளையும்தான் குடுத்தாங்க. கடை மெடல் துத்தநாகக் கலப்பு, நடுவுல ஒட்டுற ஸ்டிக்கர் மட்டும் வியர்வைல கிளம்பிடும், அதுக்குப் பதில் அச்சு எழும்பின மெடல் எடுங்க. மொமெண்டோன்னு நாம சொல்றது மெமெண்டோ, லத்தீன்ல 'ஞாபகம் வச்சுக்கோ'ன்னு கட்டளை, அவ்வளவுதான் அதுக்கு.

பேர் பொறிக்கிறதுக்கு பழைய உதாரணம் தேடினா பாய்மரப் போட்டிலயே இருக்கு. அமெரிக்காஸ் கப்புன்னு இன்னைக்கும் நடக்குற போட்டி, அதோட வெள்ளிக் கப்பு 1851ல இங்கிலாந்துல வைட் தீவைச் சுத்தி நடந்த போட்டில ஜெயிச்ச 'அமெரிக்கா'ங்குற படகுக்குக் கிடைச்சது, அதுக்கு அடியே கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, ஆனா போட்டி விவரமும் ஜெயிச்சவங்க பேரும் பொறிச்சுப் பொறிச்சு இடம் பத்தாம கீழ பீடம் சேர்த்திருக்காங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி ஏதென்ஸ்ல நடந்த விளையாட்டுல ஜாடி ஜாடியா ஆலிவ் எண்ணெய் பரிசு, ஜாடிக்கு 40 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா பிடிக்கும், ஜாடி மேல 'ஏதென்ஸ் போட்டிப் பரிசு'ன்னு எழுதியிருப்பாங்க. நம்ம ஊர்ல அண்டா, குத்துவிளக்கு, கிடான்னு குடுக்குறவங்க அந்த வழில வந்தவங்கதான், தயவுசெஞ்சு அந்த அண்டாலயும் ஜெயிச்சவர் பேர் போட்டுக் குடுங்க, கீழ இருக்குற பாத்திரக் கடைல வாங்கி மேல கொண்டு போனா இங்கயே அடிச்சுத் தருவாங்க.

சுழற்கோப்பை வைக்கிற கமிட்டிங்களுக்கு ஒரு வார்த்தை. வருஷா வருஷம் கை மாறுற கப்புன்னா சுத்திலும் சின்னச் சின்னத் தகடு ஒட்ட இடம் உள்ள வட்ட அடிக்கட்டை கேளுங்க, இவங்ககிட்ட மரத்துல இருக்கு, ஒரு சுத்து நிறைஞ்சா அடுத்த தட்டு சேர்த்துக்கலாம். ஸ்டிக்கர் வேணாம், வெயில் பட்டா வெளுத்துடும், லேசர்ல அடிச்ச தகடே போடுங்க.

இப்ப குறை. மே மாசம், பொங்கல் சமயம் ரெண்டுலயும் சொன்ன நாள்ல கிடைக்காது, ஒன்னு ரெண்டு நாள் தள்ளும், போன் பண்ணா எடுக்கவும் மாட்டாங்க, அண்ணன் மெஷின்ல இருப்பார், அக்கா புரூஃப்ல இருப்பாங்க, ஒரு ஆள் கூட வச்சா நல்லது, நேர்லயே சொல்லியிருக்கேன். பஸ்ல பார்சல் போட்டு விடுறப்ப கண்ணாடி மொமெண்டோவுக்கு பேக்கிங் பத்தாது, எங்களுக்கு ஒன்னு முனை உடைஞ்சு வந்துச்சு, மாத்திக் குடுத்துட்டாங்க, ஆனா விழாவுக்கு அது இல்லாமத்தான் சமாளிச்சோம். கண்ணாடி சாமான்னா நேர்ல போய் மடில வச்சு எடுத்துட்டு வந்துடுங்க. அந்தப் படி ரொம்பச் செங்குத்து, வயசானவங்கள கூட்டிட்டுப் போக வேணாம். அரை மார்க் போனது இதுக்கெல்லாம் சேர்த்துத்தான்.

விலை மதுரை மொத்த விலையை விடக் கொஞ்சம் கூடத்தான் வரும், பேர் அடிக்கிறதும் கம்பி மாத்துறதும் சேர்த்துக் கணக்குப் போட்டா எனக்கு லாபம்னுதான் படுது. ஆர்டருக்கு பாதி அட்வான்ஸ், ஜிபே உண்டு. குறைஞ்சது ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க, வெத்துத் தகடு வேணும்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லணும், பின்னாடி கேட்டா ஸ்க்ரூ ஓட்டை போட முடியாது. மேட்ச் முடிஞ்சதும் பேர்களை ஒரு தாள்ல தெளிவா தமிழ்ல எழுதி, அந்தந்த ஆளையே ஒரு தடவ பாக்கச் சொல்லிட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க, இனிஷியலோட. வெள்ளிக்கிழமை மதியம் லீவு, ஞாயித்துக்கிழமை மத்த கடைங்க மூடியிருந்தாலும் இவங்க ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வச்சிருப்பாங்க, பேர் அடிக்க வர்றவங்க பெரும்பாலும் அன்னைக்குத்தான் வருவாங்க.